பூட்டிய ஷட்டரின் சாவி யாரிடம்?

செம்பரம்பாக்கம் என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவுக்கு வருவது ஏரி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, மொத்த உயரம் 24 அடி என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் தொலைக்காட்சிகள் ஒப்பிக்கின்றன. 2015 டிசம்பரில் இந்த ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாறு சென்னைக்குள் புகுந்தது. அன்றிலிருந்து இங்கே ஒரு ஷட்டர் அரை அடி உயர்ந்தாலும் அது தலைப்புச் செய்தி. அதே ஊரில் வேறு வகை ஷட்டர்களும் உண்டு. பெங்களூரு நெடுஞ்சாலையோரத்தில், வணிக வளாகங்களின் தரைத்தளத்தில், துருவேறி, சுவரொட்டிகள் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இறங்கியே கிடக்கும் கடை ஷட்டர்கள். அவை திறக்காததால் யார் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வருவதில்லை. ஆகவே அவை செய்தியும் ஆவதில்லை.

காலியாகக் கிடக்கும் கடைகளை உள்ளூர்க் கலைஞர்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்ற பேச்சு உலகின் பல நகரங்களில் நடந்து, இப்போது நம் பக்கமும் வந்துசேர்ந்திருக்கிறது. ஓவியம் வரைகிறவர்கள், பாடுகிறவர்கள், நாடகம் போடுகிறவர்கள் குறைந்த வாடகையில், அல்லது வாடகையே இல்லாமல், அங்கே வேலை செய்யலாம். பூட்டிக் கிடக்கும் தெருவுக்கு உயிர் வரும், கட்டடமும் பாழாகாது. கேட்க நன்றாக இருக்கிறது. நானும் இதை ஆதரிக்கிறேன். ஆனால் இதைப் பேசுகிறவர்கள் ஒரு கேள்வியை மட்டும் தவறாமல் தாண்டிப் போகிறார்கள். அந்தக் கடை யாருடையது? அந்தச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது? அதைக் கேட்காமல் கலைக்கூடம் பற்றிப் பேசுவது, கிணற்றில் யார் இறங்கலாம் என்று கேட்காமல் தண்ணீரின் சுவையைப் பேசுவது போன்றது.

காலி என்றால் யாருக்குக் காலி?

பூந்தமல்லியிலிருந்து நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம், திருமழிசை கூட்டுச்சாலை, பாப்பான்சத்திரம் என்று திருப்பெரும்புதூர் நோக்கி ஒருமுறை நடந்து பாருங்கள். பேருந்தில் போனால் தெரியாது, நடக்க வேண்டும். மேம்பாலம் வந்ததும் வண்டிகள் மேலே பறந்துவிட, கீழே வியாபாரம் படுத்துப் போன கடைகள் ஒரு பக்கம். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளை நம்பிக் கட்டி ஆள் வராத வளாகங்கள் இன்னொரு பக்கம். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது வேலை போனது ஆலைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல. அவர்களுக்குச் சோறு போட்ட மெஸ்களுக்கும், ரீசார்ஜ் கடைகளுக்கும், தையல் கடைகளுக்கும் சேர்த்துத்தான் போனது.

வியாபாரம் இல்லாதது மட்டும் காரணமல்ல. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரும் மெட்ரோ தடத்தைப் பரந்தூர் வரை நீட்டும் திட்டம் பேசப்படுகிறது. அந்தப் பேச்சே போதும், நிலத்தின் விலை ஏறிவிடும். இன்று குறைந்த வாடகைக்கு விட்டால் நாளை காலி செய்யவைப்பது கஷ்டம் என்று உரிமையாளர் கணக்குப் போடுகிறார். கடை பூட்டியிருந்தாலும் அவருக்கு நட்டமில்லை, அவருக்குப் பதிலாக நிலம் சம்பாதிக்கிறது. வாடகையை நம்பிச் சோறு தின்கிறவனால் கடையை நான்கு ஆண்டு பூட்டி வைக்க முடியாது. பூட்டி வைக்க முடிகிறதென்றால் அவனுக்கு வேறு சொத்து இருக்கிறது என்று பொருள்.

நெடுஞ்சாலை முகப்பில் நிலம் வைத்திருந்தவர்கள் யார்? ஊர்த்தெருவில் பரம்பரையாகப் பட்டா வைத்திருந்தவர்களும், பிறகு அவர்களிடம் வாங்கியவர்களும்தான். சேரி எப்போதும் சாலையிலிருந்து உள்ளே, ஏரிக்கரையிலோ வாய்க்கால் பள்ளத்திலோ தள்ளி வைக்கப்பட்டது. ஊர் அமைப்பே அப்படி வகுக்கப்பட்டது. பின்னாளில் சாலை நெடுஞ்சாலையானது, நெடுஞ்சாலை தொழில்வழித்தடம் ஆனது. முகப்பில் இருந்தவர்களின் சொத்து பத்து மடங்கு, நூறு மடங்கு ஆனது. பள்ளத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். இன்று "காலிக் கடை" என்று நாம் சுட்டுகிற ஒவ்வொரு ஷட்டருக்குப் பின்னும் இந்த நில வரலாறு இருக்கிறது. சந்தைக்கு அது காலி இடம். சாதிக்கு அது காலி இடமல்ல, காவல் காக்கிற இடம்.

"வீடு எந்தப் பக்கம் தம்பி?"

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பறை வாசிக்கிற இரண்டு இளைஞர்கள், கோலத்தையும் துணி ஓவியத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஓர் அக்கா, நான் என்று நான்கு பேர் சேர்ந்து ஓர் இடம் தேடினோம். மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டம், அவ்வளவுதான் திட்டம். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வளாகத்தில் ஏழு கடைகள், ஐந்து பூட்டியிருந்தன. உரிமையாளரைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர் போலத்தான் பேசினார், காபி கூடச் சொன்னார்.

"என்ன கடை வைக்கப் போறீங்க?"

"கடை இல்லைங்க சார். பிள்ளைங்களுக்கு ஓவியம், பறை சொல்லித்தரப் போறோம். வாடகை கரெக்டா வந்துடும்."

"பறைன்னா, சாவுக்கு அடிக்கிறதா?"

"எல்லாத்துக்கும் அடிக்கிறதுதான் சார்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதெல்லாம் சரி. வீடு எந்தப் பக்கம் தம்பி?" என்றார்.

சொன்னோம். அந்தக் காபி வரவில்லை. பையன் வெளிநாட்டில் இருந்து வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஃபோன் செய்தபோது, மேல்மாடியில் குடியிருக்கிறவர்கள் சத்தம் தாங்க மாட்டார்கள் என்றார். அதே வளாகத்தின் எதிரில் கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்த நாளில் நள்ளிரவு வரை அங்கே டிஜே போடுகிறார்கள். அந்தச் சத்தத்தைத் தாங்கும் மாடிவீட்டுக் காதுகள் மாலை ஆறு மணிக்குப் பத்துப் பிள்ளைகள் அடிக்கிற பறையைத் தாங்காதாம். அந்த ஐந்து ஷட்டர்களும் இன்றும் மூடியே இருக்கின்றன.

இங்கே யாரும் சாதிப்பெயர் சொல்லித் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க ஒரு சொல் கூட இல்லை. நகர்ப்புறச் சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. அதற்குக் குரல் உயர்த்தத் தேவையில்லை. "வீடு எந்தப் பக்கம்" என்ற கேள்வியும் "கேட்டுச் சொல்றேன்" என்ற பதிலும் போதும்.

நிலம், தெரு, கடை

இது ஒரு வீட்டுக்காரரின் குணம் சார்ந்த விஷயமல்ல. சட்டம் எங்கே வரை வந்து நின்றுவிட்டது என்பதைப் பார்த்தால் புரியும்.

செம்பரம்பாக்கம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண். அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின் வழியே பொதுச் சாலைகள், தெருக்கள், கிணறுகள், குளங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று அரசாணை ஆனது. நாம் தெருவுக்கு வந்தோம். ஆனால் தெருவின் இருபுறமும் இருந்த கட்டடங்களுக்குள் வரவில்லை.

1950இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15(2) பிரிவு, சாதியின் பெயரால் கடைகளில் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் சலவைக்கடை, முடிதிருத்தும் கடை எல்லாம் அடங்குமா என்று எஸ். நாகப்பா கேட்டார். கடை என்ற சொல்லை விரிந்த பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும், சேவை தர முன்வரும் எவரும் அதில் அடங்குவர் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை இழிவுகளுக்கு முடிவுகட்ட முடியுமோ அத்தனையையும் அடக்கப் பார்த்திருக்கிறார்.

ஆக, கடைக்குள் வாடிக்கையாளராக நுழையும் உரிமை கிடைத்தது. காசு கொடுத்துப் பொருள் வாங்க வரும் நம்மை இன்று நெடுஞ்சாலைக் கடையில் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அதே கடையைச் சாவி வாங்கித் திறக்கிறவராக நாம் வரும்போது, அதுவும் நம் பறையோடும் நம் பாட்டோடும் வரும்போது, பழைய ஊர் எழுந்து நிற்கிறது. நிலத்துக்காக நூறாண்டுக்கு மேல் போராடுகிறோம், தெருவைப் போராடிப் பெற்றோம், கடைக்குள் நுழைந்தோம். இனி சாவியைக் கேட்க வேண்டிய இடத்தில் நிற்கிறோம்.

எது கலை, யார் கலைஞர்?

"உள்ளூர்க் கலைஞர்" என்று சொல்லும்போது திட்டம் போடுகிறவர்களின் மனதில் ஒரு படம் இருக்கிறது. கேன்வாஸ், கித்தார், மட்பாண்டப் பயிற்சி வகுப்பு, ஃபில்டர் காபி, மஞ்சள் விளக்கு. எனக்கு அவற்றின் மீது பகையில்லை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உள்ளூர்க் கலைஞர்கள் யார் என்று கேட்டால் நான் வேறு பட்டியல் தருவேன்.

ஃப்ளெக்ஸ் இயந்திரம் வருவதற்கு முன் இந்தச் சாலையின் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் ஒவ்வொரு கட்சிச் சுவரையும் கையால் எழுதியவர்கள் இருக்கிறார்கள். தூரிகையால் ஓர் எழுத்தின் வளைவை அளவுகோல் இல்லாமல் போடத் தெரிந்த அந்தக் கைகள் இன்று பெயின்டிங் கான்ட்ராக்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கின்றன. சாவு வீட்டில் விடியவிடிய கானா பாடிவிட்டுக் காலையில் ஆலை ஷிப்டுக்குப் போகிற தம்பிகள் இருக்கிறார்கள். தெருக்கூத்து ஆடியவர்கள், சிலம்பம் சொல்லித் தருகிறவர்கள், கூடை முடைகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்திலேயே நசரத்பேட்டையில் பெரும் படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. அங்கே கோடிகளில் அரண்மனை எழுப்புகிறார்கள், பிரித்துப் போடுகிறார்கள். செட் போடவும், விளக்குத் தூக்கவும், கட்டையில் ஏறவும் ஆள் தேவை. 2020 பிப்ரவரி 19 அன்று 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் செத்தது அங்கேதான். கலையின் ஆபத்தான வேலை உழைப்பாளிகளுக்கு இருக்கிறது. கலையின் பாதுகாப்பான அறைதான் இல்லை.

திருமழிசையை எடுத்துக்கொள்வோம். திருமழிசை ஆழ்வாரைக் குழந்தையாகக் கண்டெடுத்து வளர்த்தவர் பிரம்பறுத்துப் பிழைத்த திருவாளன் என்று வைணவ குருபரம்பரைக் கதைகளே சொல்கின்றன. அந்த ஆழ்வார் பெரும்புலியூருக்குப் போனபோது அவரைக் கண்டதும் பார்ப்பனர்கள் வேதம் ஓதுவதை நிறுத்தினார்கள் என்றும் அதே கதைகள் சொல்கின்றன. ஆழ்வாருக்குக் கோயில் இருக்கிறது, உற்சவம் இருக்கிறது. அவரை வளர்த்த பிரம்புக்காரரின் வாரிசுகள் இன்றும் சாலையோரத்தில் வெயிலில் உட்கார்ந்து கூடை முடைகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பத்தடி தள்ளிப் பூட்டிய கடையின் நிழல் விழுகிறது. அந்த நிழலில் ஒதுங்கினால் கூட யாராவது வந்து எழுப்புவார்கள்.

இயக்கத்துக்குள்ளேயே எழும் ஒரு கேள்விக்கும் இங்கே பதில் சொல்லியாக வேண்டும். பறையை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள், அது சாதி நம்மீது சுமத்திய ஊழியம் அல்லவா என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தென்னாற்காட்டில் எல். இளையபெருமாள் உள்ளிட்ட தலைவர்கள் பறையடிக்க மறுக்கும் போராட்டங்களை நடத்தினார்கள். அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய தன்மானம் இல்லை. கட்டாயத்தின் பேரில், பிணத்துக்கு முன்னால், குனிந்த தலையோடு அடித்த பறையைத்தான் அவர்கள் எரித்தார்கள்.

ஆனால் அதே பறை வேறோர் இடத்தில் வேறொன்றாக மாறியதையும் பார்த்திருக்கிறோம். திண்டுக்கல்லில் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழு, பறையைத் தொடவே அனுமதிக்கப்படாத தலித் பெண்களின் கையில் அதைக் கொடுத்து மேடையேற்றியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் பறையையும் அம்பேத்கரையும் ஒரே மேடையில் ஏற்றியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊழியம் எப்போது கலையானது? எங்கே அடிக்க வேண்டும், எப்போது அடிக்க வேண்டும் என்பதை அடிக்கிறவர் முடிவுசெய்தபோது. அதற்கு முதலில் சொந்தமாக ஓர் இடம் வேண்டும். ஊர்க்காரன் கூப்பிட்ட இடத்தில் அடிப்பது ஊழியம், நாம் திறந்த அறையில் நாம் கற்றுக்கொடுப்பது கலை. இடத்துக்கான கோரிக்கை, இளையபெருமாளின் மறுப்புக்கு எதிரானதல்ல. அதன் அடுத்த படி.

சென்னை சங்கமம் 2007இல் தொடங்கியபோது நாட்டுப்புறக் கலைஞர்கள் சென்னைப் பூங்காக்களுக்கு வந்தார்கள். இடையில் நின்று, மீண்டும் பொங்கலையொட்டி நடக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் சில நாள் மேடை, பிறகு ஊருக்குப் பேருந்து. மிச்ச நாளெல்லாம் அந்தக் கலைஞர் எங்கே பயிற்சி செய்கிறார், தோலை எங்கே காயவைக்கிறார், அடுத்த தலைமுறைக்கு எங்கே சொல்லித்தருகிறார் என்று யாரும் கேட்பதில்லை. கர்நாடக இசைக்கு மியூசிக் அகாதெமி 1928லிருந்து இருக்கிறது. சபாக்களுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது, கேன்டீன் கூட இருக்கிறது. எங்களுக்கு ஆண்டுக்கொருமுறை ஷாமியானா.

சுவருக்கு வண்ணம், மக்களுக்கு என்ன?

கலையால் இடத்தை மாற்றுவது என்ற பெயரில் நடந்தவற்றைக் கொஞ்சம் பரிசீலிப்போம்.

கண்ணகி நகர் நமக்குத் தெரியும். 2000லிருந்து சென்னையின் குடிசைப் பகுதிகளைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்குள்ள இளைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் மாநகராட்சியும் ஏஷியன் பெயின்ட்ஸும் சேர்ந்து அங்கே அடுக்ககச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்களைத் தீட்டின. சென்னையின் முதல் கலை மாவட்டம் என்று பெயரும் வந்தது. ஓவியங்கள் அழகானவை, வரைந்தவர்கள் திறமையானவர்கள். அந்த மக்களின் முகங்களைச் சுவரில் பார்ப்பதில் ஒரு பெருமிதமும் இருக்கிறது. ஆனால் தீட்டியவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள். வரைந்து முடித்ததும் போய்விட்டார்கள். கண்ணகி நகர்ப் பெண் ஓவியம் கற்க ஓர் அறையும், அந்த அறையின் சாவியும் அதோடு சேர்ந்து வந்திருக்க வேண்டும். சுவர் அரசுடையது, வண்ணம் நிறுவனத்துடையது, புகைப்படம் பார்வையாளருடையது. குடியிருப்பவருக்கு அதே தண்ணீர்ப் பிரச்சினை. அதே கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்று வந்தாரே, அதற்குக் காரணம் சுவர்ச் சித்திரமல்ல. நாள்தோறும் பயிற்சி செய்யத் தரையும் சொல்லித்தர ஆளும் இருந்ததுதான்.

வெளிநாட்டு உதாரணங்களும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 1999இல் உருக்காலை மூடி, நகர மையத்தில் கடைகள் காலியாகக் கிடந்தன. 2008இல் மார்கஸ் வெஸ்ட்பரி 'ரென்யூ நியூகாசில்' என்ற அமைப்பைத் தொடங்கினார். குத்தகை ஒப்பந்தம் போடாமல், 30 நாளுக்கொருமுறை புதுப்பிக்கும் அனுமதியின் பேரில் உரிமையாளர்களிடமிருந்து கடைகளை வாங்கிக் கலைஞர்களுக்குக் கொடுத்தார். வாடகைக்காரருக்கு உரிமை வந்துவிடுமே என்ற பயம் உரிமையாளருக்குப் போனது, கதவுகள் திறந்தன. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் அந்த ஒப்பந்தத்தைத் திருப்பிப் பாருங்கள். உரிமையாளர் கேட்டால் 30 நாளில் காலி செய்ய வேண்டும். கலைஞர்கள் தெருவைக் கலகலப்பாக்குகிறார்கள், இடத்தின் மதிப்பு ஏறுகிறது, பெரிய கை வருகிறது, கலைஞர்கள் வெளியேறுகிறார்கள். இதையே செம்பரம்பாக்கத்தில் அப்படியே நட்டால் என்ன ஆகும்? நம் பிள்ளைகள் கூட்டிப் பெருக்கி வெள்ளையடித்த கடையில் அடுத்த ஆண்டு பைக் ஷோரூம் வரும். மெட்ரோ வருவதற்குள் ஊர்க்காரரின் சொத்துக்கு இலவசப் பராமரிப்பு. பண்ணையாரின் தரிசை நாம் உழுது பண்படுத்தியதும் அவர் திரும்ப எடுத்துக்கொண்ட பழைய கதைதான் இது.

நாம் பார்க்க வேண்டியது ஹூஸ்டனை. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், கறுப்பின மக்கள் வாழும் தேர்ட் வார்ட் பகுதியில் சிறுசிறு வரிசை வீடுகள் இடிபடும் நிலையில் கிடந்தன. 1993இல் ரிக் லோ உள்ளிட்ட ஏழு கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 22 வீடுகளைக் கையில் எடுத்து 'ப்ராஜெக்ட் ரோ ஹவுஸஸ்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். சில வீடுகளில் கலைஞர்கள் வேலை செய்தார்கள். வேறு சில வீடுகள் படித்துக்கொண்டே பிள்ளை வளர்க்கும் தனித்தாய்மார்களுக்கு. கட்டடம் அமைப்பின் கையில். அதனால் சுற்றிலும் நில விலை ஏறினாலும் அவர்களை எழுப்ப முடியவில்லை. முப்பது ஆண்டு கடந்தும் நிற்கிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நியூகாசிலில் கலைஞர் விருந்தாளி. ஹூஸ்டனில் ஒடுக்கப்பட்ட சமூகமே வீட்டுக்காரர்.

நம் பக்கமும் தொடக்கங்கள் இருக்கின்றன. வளசரவாக்கத்தில் கூகை திரைப்பட இயக்கத்தின் நூலகம், எழும்பூரில் நீலம் புத்தகக் கடை. உதவி இயக்குநராக அலைகிற பையன் உட்கார்ந்து படிக்க ஓர் இடம், புத்தகம் வாங்காவிட்டாலும் பேசிவிட்டுப் போக ஓர் இடம். இவை அரசு கொடுத்தவையல்ல, நாமே உண்டாக்கிக்கொண்டவை. ஆனால் வளசரவாக்கத்துக்கும் எழும்பூருக்கும் எங்கள் தெருப் பெண்பிள்ளை இருட்டுவதற்குள் போய்த் திரும்ப முடியாது. அவளுக்கு நடந்துபோகிற தூரத்தில் வேண்டும்.

வழக்கமான மூன்று மறுப்புகள்

"தனியார் சொத்தில் எப்படித் தலையிட முடியும்?" என்பார்கள். முதலில் தனியார் சொத்தைத் தொட வேண்டாம். அரசுப் பணத்தில் கட்டிய கடைகளே பூட்டிக் கிடக்கின்றனவே! உள்ளாட்சிகள் கட்டி ஏலம் போகாத கடைகள், மகளிர் குழுக்களுக்கெனக் கட்டிப் பல ஊர்களில் பாழடைந்த பூமாலை வணிக வளாகங்கள், தாட்கோ கட்டிய கடைகள். இவற்றை யார் பூட்டினார்கள்? இவற்றைத் திறக்க எந்த வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டில் இருந்து வர வேண்டும்? மனமிருந்தால் அரசுக்கு இடம் கிடைக்கும் என்பதை 2020 மே மாதத்தில் இதே திருமழிசையில் பார்த்தோம். கொரோனாவால் கோயம்பேடு சந்தை மூடியபோது, சில நாட்களுக்குள் மொத்தக் காய்கறிச் சந்தையையே இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். வியாபாரத்துக்கு அது முடியுமென்றால் பண்பாட்டுக்கு ஏன் முடியாது?

"ஊரும் சேரியும் ஒரே கட்டடத்தில் புழங்கினால் பிரச்சினை வரும்" என்பார்கள். பிரச்சினை வரும் என்று சொல்கிறவர்கள்தான் எப்போதும் பிரச்சினை செய்கிறவர்கள். இங்கிருந்து சில மைல் தூரத்தில் குத்தம்பாக்கம் இருக்கிறது. அந்த ஊரின் தலித் தலைவராக 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ, பொறியியல் படித்து வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவர் காலத்தில் அங்கே அமைந்த சமத்துவபுரத்தில் இரட்டை வீடுகள் கட்டினார்கள். ஒரே சுவரின் இந்தப் பக்கம் தலித் குடும்பம், அந்தப் பக்கம் தலித் அல்லாத குடும்பம். வானம் இடிந்து விழவில்லை. சுவரைப் பங்குபோட்டு வாழ முடிகிறவர்களால், மாலை இரண்டு மணிநேரம் ஓர் அறையைப் பங்குபோட்டுப் பாட முடியாதா?

"கலைக்கு எதற்குச் சாதி? பொதுவாக எல்லாருக்கும் என்று விடுங்கள்" என்பது மூன்றாவது. இதுதான் ஆபத்தானது, ஏனென்றால் நல்லெண்ணத்தின் குரலில் வருகிறது. "பொது" என்று எழுதிய எந்தக் கதவும் நமக்குத் தானாகத் திறந்ததில்லை. பொதுக் கிணறு திறக்க 1924 தீர்மானம் வேண்டியிருந்தது. பொதுக் கோயில் திறக்கப் போராட்டம் வேண்டியிருந்தது. யாருக்கு என்று எழுதாத இடம், ஏற்கெனவே வலுவுள்ளவருக்குப் போய்ச் சேரும். ஆறே மாதத்தில் அது பரதநாட்டிய வகுப்பாகவும் கீபோர்டு வகுப்பாகவும் ஆகி, மாதக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும். பறை அடிக்க வந்தவரிடம் "சத்தம்" என்பார்கள்.

நாம் கேட்பது

ஒன்று. உள்ளாட்சிக்கும் அரசுத் துறைகளுக்கும் சொந்தமான, ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடக்கும் கடைகளின் பட்டியலைப் பொதுவில் ஒட்ட வேண்டும். கிராம சபையிலோ பகுதி சபையிலோ இதை நாமே தீர்மானமாக வைக்கலாம். பட்டியலைக் கேட்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை, தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இரண்டு. அவற்றில் ஒரு பங்கைப் பண்பாட்டு அறைகளாக ஒதுக்க வேண்டும். 30 நாள் அனுமதிச் சீட்டெல்லாம் வேண்டாம், குறைந்தது பத்தாண்டு எழுத்துமூல உரிமை வேண்டும். சாவி சேரிப் பகுதியின் கலைஞர்களும் பெண்களும் பாதிக்குக் குறையாமல் இருக்கும் குழுவிடம் இருக்க வேண்டும்.

மூன்று. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டு நிதி முறையாகச் செலவாக வேண்டும் என்பதற்காகத் தமிழ்நாடு 2024இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆண்டுதோறும் செலவாகாமல் திரும்பும் பணத்தைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திவிட்டு, இந்த அறைகளின் பராமரிப்பு, மின்கட்டணம், பயிற்றுநர் ஊதியம் ஆகியவற்றை அதன் கீழ் கொண்டுவரக் கேட்போம். பெயர்ப்பலகை எழுதிய கைக்கும் பறையாசானுக்கும் மாதச் சம்பளம் வேண்டும். பொன்னாடை வேண்டாம்.

நான்கு. தனியார் கடைகளை இந்தத் திட்டத்தில் சேர்க்க உரிமையாளருக்குச் சொத்துவரிச் சலுகை கொடுப்பதானால், அது சாதி பார்த்து மறுக்கவில்லை என்ற உறுதிமொழியோடு வர வேண்டும். "வீடு எந்தப் பக்கம்" என்று கேட்கிறவருக்கு மக்கள் வரிப்பணத்தில் சலுகை கிடையாது.

ஐந்து. அந்த அறையில் எது நடக்கலாம் என்பதை அறையில் இருப்பவர்களே முடிவு செய்வார்கள். பறை ஒலிக்கும், கானா ஒலிக்கும், அம்பேத்கர் படமும் பெரியார் படமும் தொங்கும். அதை ஏற்க முடியாதவர்களின் உதவி நமக்குத் தேவையில்லை.

நிலமே இல்லாதவனுக்குக் கலைக்கூடம் எதற்கு என்று யாராவது கேட்டால், நிலத்தையும் கேட்கிறோம் என்பதே பதில். பஞ்சமி நிலக் கோரிக்கையை ஓர் அங்குலம் கூட விட்டுக்கொடுக்காமல்தான் இதைக் கேட்கிறோம். நிலத்துக்கான போராட்டத்தில் பாட்டு எழுதுகிறவர்களும், தட்டி எழுதுகிறவர்களும், பறை அடித்து ஊரைக் கூட்டுகிறவர்களும் எங்கிருந்து வருவார்கள்? அவர்கள் கூடிப் பேச ஓர் அறை வேண்டும். அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தபோது அவருக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது.

அடுத்த கிராம சபைக்கு எங்கள் தெருவிலிருந்து மனு தயாராகிறது. உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் அரசுக் கடைகளை இந்த வாரமே எண்ணுங்கள். எண்ணிக்கையை எழுதி, கையெழுத்து வாங்கி, சபைக்குக் கொண்டுபோங்கள். பேசவிடாமல் உட்காரச் சொன்னால், கையோடு ஒரு பறையையும் கொண்டுபோங்கள்.